ஓங்க இடமில்லாத வளவில் விறகு பிளப்பது: கொட்டாஞ்சேனை வீடொன்றின் நிகழ்வு ஆய்வு

கொழும்பு, கொட்டாஞ்சேனையில் ஓர் ஓட்டோ மட்டும் நுழையக்கூடிய ஒழுங்கை. அதன் கடைசியில் இருக்கும் வீட்டின் பின்வளவுதான் இந்த ஆய்வின் களம். ஒரு பக்கம் மதில், எதிர்ப்பக்கம் குளியலறை, தலைக்கு மேலே உடுப்புக் காயப்போடும் கொடி. நீளக் காம்புக் கோடாலியை இங்கே யாராவது ஓங்கினால் முதலில் கொடி அறும், அடுத்ததாகப் பக்கத்து வீட்டுக் கூரைத் தகடு உடையும். விறகு பிளக்கச் சொல்லித்தரும் யோசனைகளில் முக்கால்வாசி, விசாலமான முற்றமும் தோள்பலமுள்ள ஓர் ஆளும் இருப்பதாக எடுத்துக்கொண்டே தொடங்குகின்றன. இங்கே இரண்டும் இல்லை.

வீட்டில் மூன்று பேர். மாமி (அதே ஒழுங்கையில் இருக்கும் நான் அவரை அப்படித்தான் கூப்பிடுவேன்) அறுபத்தைந்தைத் தாண்டியவர். வலது கையைத் தோளுக்கு மேலே தூக்க முடியாது. மகள் மதியச் சோற்றுப் பார்சல் கட்டிக் கடைகளுக்குக் கொடுக்கிறார். மருமகனுக்குப் புறக்கோட்டையில் மொத்தக் கடையொன்றில் வேலை. போயாவும் (பௌர்ணமி விடுமுறை) ஞாயிறும்தான் வீட்டில் இருப்பார்.

2021 அக்டோபர் தொடக்கம் வரை 1,493 ரூபாய்க்குக் கிடைத்த 12.5 கிலோ காஸ் சிலிண்டர், 2022 ஏப்ரலில் 4,860 ரூபாயானது. அந்த விலைக்கும் கிடைக்காமல், வெறும் சிலிண்டர்களைச் சங்கிலி போட்டு வரிசையில் விட்டுவிட்டு சனம் காத்துக் கிடந்ததைக் கொழும்பில் யாரும் மறந்திருக்க முடியாது. அந்த நாட்களில் மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டிய வீடுகள் ஏராளம். காஸ் திரும்பி வந்ததும் பலர் கல்லை எடுத்து ஓரமாகப் போட்டார்கள். இந்த வீட்டில் போடவில்லை. கறி, பொரியல், தேநீர் எல்லாம் காஸில். பெரிய பானைச் சோறு மட்டும் விறகில் என்று பிரித்துக்கொண்டார்கள். பார்சல் வியாபாரத்தில் கையில் மிஞ்சுவதே அந்தச் சோற்றுப் பானையில்தான் என்பது மகளின் கணக்கு.

அந்தக் கணக்கைச் சற்று விரித்துப் பார்க்கலாம். ஒரு கிலோ காஸில் சுமார் 46 மெகாஜூல் வெப்பம் இருக்கிறது. நன்றாகக் காய்ந்த ஒரு கிலோ விறகில் சுமார் 15. காஸ் அடுப்பு தன் வெப்பத்தில் பாதிக்கு மேல் பானைக்குக் கொடுத்துவிடும். மூன்று கல் அடுப்பு எட்டில் ஒரு பங்கு கொடுத்தாலே பெரிது. அப்படிப் பார்த்தால் ஒரு சிலிண்டர் செய்யும் வேலைக்கு ஏறக்குறைய 170 கிலோ விறகு தேவை. நல்ல மண் அடுப்பாக இருந்தால் அது 100 கிலோவுக்குக் கொஞ்சம் மேலே வந்து நிற்கும். சரி, விறகு மலிவுதான். ஆனால் அந்த நூறு கிலோவையும் யாராவது பிளக்க வேண்டுமே! கூலிக்கு ஆள் பிடித்தால் மிச்சம் பிடித்த காசு அங்கே போய்விடும். மாமி வீட்டில் நடந்ததும் அதுதான். கொத்திக் கொடுக்க வந்தவர் ஒரு நாள் சம்பளம், சாப்பாடு, தேநீர் எல்லாம் வாங்கிக்கொண்டு, அடுப்பு வாய்க்குள் நுழையாத தடிப்பில் கொத்திக் குவித்துவிட்டுப் போனார்.

அடுப்பு வாய் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இப்போது அந்த வீட்டில் இருப்பது அனகி அடுப்பு. 1980களில் உருவாகி, 1990களில் நாடெங்கும் பரவிய, ஒரே துண்டாகச் சுட்ட, இரண்டு பானை ஏற்றும் மண் அடுப்பு. விறகை மிச்சம் பிடிக்கும் என்பது உண்மை. ஆனால் அது மெல்லிய விறகைத்தான் கேட்கும். இரண்டு விரல் தடிப்பில் கொடுத்தால் சுவாலையோடு எரியும். கைமுட்டி அளவில் கொடுத்தால் புகைந்து கண்ணைக் கரிக்கும். ஆகவே தேவை இரண்டு வகை வேலை: பெரிய குற்றியை நான்கு, எட்டாக உடைப்பது ஒன்று. உடைத்ததை இரண்டு விரல் சிராய்களாக்குவது மற்றது. இந்த இரண்டையும் ஒரே ஆயுதத்தால் செய்யப் போனதுதான் எல்லாத் தொல்லைக்கும் வேர்.

மரம் வந்த வழி

வீட்டுக்கு விறகு வருவது இரண்டு இடங்களிலிருந்து. ஒன்று விறகுகாலையில், அதாவது விறகு விற்கும் இடத்தில், வாங்கும் றப்பர் மரம். மற்றது, தென்மேற்குக் காற்றில் பக்கத்து வளவின் மாமரம் மதிலில் சாய்ந்தபோது கிடைத்தது. மரம் தறிக்க வந்தவர்கள் செயின் வாளோடு வந்திருந்தார்கள். வழக்கம்போல லொறியில் அடுக்க வசதியாக மூன்று நான்கு அடித் துண்டுகளாக அறுக்கத் தொடங்கினார்கள். மருமகன் அன்று வீட்டில் இருந்தது நல்ல காலம். "அண்ணே, நீங்கள் ஏற்றிக்கொண்டு போக வேண்டாம், எங்களுக்கே வேணும். ஒவ்வொரு அடியாய் அறுத்துத் தாங்கோ" என்று கேட்டு, கொஞ்சம் கூடுதலாகக் காசும் கொடுத்தார்.

முழுக் கதையிலும் ஆக மலிவான, ஆகப் பெரிய உதவி இதுதான் என்பது என் அபிப்பிராயம். நான்கு அடிக் குற்றியில் ஆப்பு இறக்கினால் பிளவு நடுவழியில் ஏதாவதொரு கணுவில் முட்டி நின்றுவிடும். ஓர் அடிக் குற்றியில் ஒரு முனையில் தொடங்கிய பிளவு மறுமுனைக்குப் போய்ச் சேர்ந்துவிடும். வாள் ஓடிக்கொண்டிருக்கும்போது இன்னும் சில வெட்டுப் போட அவர்களுக்குச் சில நிமிடம். அவர்கள் போன பிறகு அதே வெட்டை வில்வாளால் போட வேண்டுமென்றால் கை கழன்றுவிடும். ஓர் அடி என்ற அளவு அடுப்புக்கும் பொருந்தும், அடுக்கவும் வசதி.

தறிப்பது பற்றி ஒன்று. பலா, ஈரப்பலா, பெண் பனை ஆகிய மூன்றையும் சொந்த வளவில் நின்றாலும் அனுமதி இல்லாமல் தறிக்கக் கூடாது. 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரம் தறித்தல் கட்டுப்பாட்டுச் சட்டம் இருக்கிறது, அனுமதிக்குப் பிரதேச செயலகம் போக வேண்டும். வேறு மரமானாலும் கிராம உத்தியோகத்தரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கைவைப்பது புத்தி.

பச்சையிலா, காய்ந்த பிறகா?

ஒழுங்கையில் ஆளுக்கொரு கருத்து. "காய்ந்தால்தான் படார் என்று உடையும்" என்றார் ஒருவர். "பச்சையில் கொத்தாவிட்டால் பிறகு கல்" என்றார் இன்னொருவர். இரண்டிலும் உண்மை உண்டு, மரத்தைப் பொறுத்தது. மரத்தை நாருக்குக் குறுக்கே முறிப்பதற்கும் நாரோடு பிரிப்பதற்கும் வேண்டிய பலத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஈரமாக இருக்கையில் நார்கள் இளகி இருக்கும், ஆப்பு சுலபமாக இறங்கும். காய்ந்தால் நார் இறுகும், ஆனால் காயும்போது குற்றியின் முகத்தில் நடுவிலிருந்து ஓரம் நோக்கி வெடிப்புகள் விழும். அந்த வெடிப்புகள் மரமே கீறிக் காட்டும் கோடுகள். எங்கே ஆப்பை வைக்க வேண்டும் என்று வேறு யாரிடமும் கேட்கத் தேவையில்லை.

இந்த வீட்டில் பொருந்திவந்தது நடுவழி. அறுத்த குற்றிகளை நிழலில் விட்டு, முகத்தில் வெடிப்புத் தெரியத் தொடங்கியதும் பிளந்தார்கள். அதற்கு மேல் விட்டுவைக்கவில்லை. மாவும் சரி, றப்பரும் சரி, கொழும்பின் ஈரக் காற்றில் தாங்காது. பூஞ்சணம் பிடித்து நீலம் பாரிக்கும், துளைக்கும் வண்டு இறங்கி மாவாக்கிவிடும். பட்டையோடு கிடக்கும் குற்றி உள்ளே காயவும் மாட்டாது. ஒரு வட்டக் குற்றியை நான்காகப் பிளந்தால் காற்றுப்படும் பக்கப் பரப்பு இரண்டு மடங்குக்கு மேலாகிறது. பிளப்பதே காயவைப்பதன் முதல் பாதி.

மாமரத்தில் இன்னொரு சங்கதி. அதன் பால் சிலருக்குத் தோலில் பட்டால் அரிக்கும், கொப்பளிக்கும். மாங்காய்ப் பால் பட்டு வாய் வெந்துபோகிறவர்கள் இருக்கிறார்களே, அவர்கள் மாவிறகைக் கையுறையும் முழுக்கையும் இல்லாமல் தொடாமல் இருப்பதும், அதன் புகைக்குப் பக்கத்தில் நிற்காமல் இருப்பதும் நல்லது. மகளுக்கு முழங்கை வரை தடித்துப்போனது. அதன் பிறகு பச்சை மாவிறகு மருமகனின் பொறுப்பானது.

தென்னங்குற்றியை யாராவது சும்மா தருவதாகச் சொன்னால் யோசித்துச் சம்மதியுங்கள். தென்னைக்கு மற்ற மரங்களைப்போல வளையமும் இல்லை, நடுவிலிருந்து ஓடும் கதிர் வரியும் இல்லை. வெளிப்பக்கம் இரும்பு, உள்ளே பஞ்சு. ஆப்பு இறங்கும், நார் விடாது. தேங்காய் மட்டை, சிரட்டை, பாளை என்று தென்னை தரும் மற்றதெல்லாம் அடுப்புக்குத் தங்கம்.

ஆப்பு வேலை

வீட்டில் முதலிலேயே ஒரு கோடாலி இருந்தது. மெல்லிய வாய், மரம் தறிப்பதற்கானது. அதைக் குற்றியின் முகத்தில் போட்டால் ஆழமாக இறங்கிச் சிக்கிக்கொள்ளும், பிளக்காது. தறிக்கும் கோடாலி நாரை அறுக்கச் செய்யப்பட்டது. பிளக்கும் கோடாலிக்குக் கன்னம் புடைத்திருக்க வேண்டும், உள்ளே போகப்போக மரத்தை இரண்டு பக்கமும் தள்ள வேண்டும். அப்படிப்பட்ட மூன்று கிலோ கோடாலிகள் கடைகளில் இருக்கின்றன. இருந்தாலும் ஓங்க இடமில்லாத வளவில் அது இருந்தும் பயனில்லை. காம்பைக் குட்டையாக்கினால் என்ன என்று மருமகன் கேட்டார். குட்டைக் காம்பு குறி தவறினால் நேரே முழங்காலுக்குத்தான் வரும். அதைப் பாவிக்கிறவர்கள் நிலத்தில் முழங்காலிட்டுக் கொத்த வேண்டும். அப்போது தவறினாலும் வாய் மண்ணில் இறங்கும்.

ஆகவே பெரிய குற்றிகளுக்கு ஆப்பு. ஹாட்வெயார் கடையில் வாங்கிய இரண்டு இரும்பு ஆப்பு, நான்கு இறாத்தல் சம்மட்டி ஒன்று. இரண்டு என்பது முக்கியம். ஒன்று சிக்கினால் மற்றதால்தான் விடுவிக்க முடியும். சம்மட்டியைத் தோளுக்கு மேல் கொண்டுபோகவே தேவையில்லை, மார்பளவில் தூக்கிப் போட்டால் அதன் பாரமே வேலையைச் செய்யும்.

மாமரத்தின் நேரான பகுதி நல்ல பிள்ளையாகப் பிளந்தது. கஷ்டம் கொடுத்தது கவை. இரண்டு கிளை பிரியும் இடத்தில் நார்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். அந்தக் குற்றியின் நடுவில் மருமகன் இறக்கிய முதல் ஆப்பு, தலை மட்டும் தெரிய உள்ளே போய் அசையாமல் நின்றது. இரண்டாவதை அதற்குப் பக்கத்தில் இறக்கியதும் அதுவும் அப்படியே. மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்த, மட்டக்குளியில் படகுக்குப் பலகை அறுத்த முதியவர் ஒருவர், "நடுவில ஏன் தம்பி மினக்கெடுறீர்? ஓரத்தால உரிச்சுக்கொண்டு வாரும்" என்றார். காய்ந்த புளியங்கட்டையில் சீவிய மர ஆப்பு ஒன்றைக் குற்றியின் ஓரத்தில், இருந்த வெடிப்பொன்றில் தட்டச் சொன்னார். ஒரு கை அகலத்துக்கு ஒரு சிம்பு கழன்று விழுந்தது. அப்படியே சுற்றிவர வெளிறை (வெளிப்பக்க மரத்தை) உரித்துக்கொண்டே போனதும் நடுவில் இருந்த இரண்டு இரும்பு ஆப்புகளும் தாமாகவே ஆடத் தொடங்கின. மிஞ்சிய முறுக்கு நடுவை யாரும் பிளக்கவில்லை. அது பெரிய பானைக்கு அடியில் மெதுவாக எரியும் பின்கட்டையாகப் போனது. ஒவ்வொரு குற்றியையும் பிளந்துதான் ஆக வேண்டும் என்று யாரும் எழுதிவைக்கவில்லையே.

இங்கே கவனிக்க வேண்டியவை சில. சம்மட்டி அடி வாங்கி வாங்கி இரும்பு ஆப்பின் தலை காளானைப்போல விரியும். அந்த விளிம்பிலிருந்து தெறிக்கும் சில்லு துப்பாக்கிக் குண்டுக்குக் குறைந்ததல்ல. கிரைண்டர் பிடித்து அதை அவ்வப்போது சீவிவிட வேண்டும், கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். கோடாலியை ஆப்பாக வைத்து அதன் தலையில் சம்மட்டி போடுவது பலரும் செய்வது. கோடாலியின் காது (காம்பு நுழையும் துளை) வெடிப்பதற்கு அதைவிடக் குறுக்குவழி கிடையாது. ரப்பர் செருப்போடு இந்த வேலையில் இறங்குவது பற்றி நான் சொல்வதற்கு ஒன்றுமில்லை, கொழும்பில் யார்தான் சப்பாத்துப் போட்டுக்கொண்டு விறகு கொத்துகிறார்கள்! ஆனாலும் போட வேண்டும்.

மாமியின் அலவாங்கு

குற்றிகள் கால்வாசிகளாக உடைந்துவிட்டன. அவற்றைச் சிராய்களாக்குவதுதான் தினசரி வேலை. அது மாமியின் தலையில் விழுந்தது. மருமகன் ஆறரைக்குப் போய்விடுவார். மகள் கறிகளோடு நிற்பார். மாமி பழைய காட்டுக்கத்தியை விறகின் தலையில் வைத்து, கொய்யாக்கட்டை ஒன்றால் கத்தியின் முதுகில் தட்டிப் பிளந்துகொண்டிருந்தார். செலவே இல்லாத நல்ல முறைதான், கனமான கத்தி உள்ள எந்த வீட்டிலும் இன்றைக்கே தொடங்கலாம். குறை என்னவென்றால் ஒரு கை கத்தியைப் பிடிக்க வேண்டும், மறுகை தட்ட வேண்டும், விறகைப் பிடிக்க மூன்றாவது கை இல்லை. கால் பெருவிரலால் விறகை அணைத்துக்கொண்டார். பார்க்கவே பயமாக இருந்தது.

"தம்பி, தேங்காய் உரிக்க அலவாங்கை நட்டு வைச்சுட்டுத் தேங்காயைத்தானே கொண்டுபோய்க் குத்துறோம். கத்தியையும் அப்பிடி நட்டு வைச்சால் என்ன?" என்று கேட்டவர் மாமியேதான்.

கேட்டதில் விஷயம் இருந்தது. கத்தியை அசையாமல் நிறுத்தி, வாயை மேலே பார்க்க வைத்து, விறகை அதன்மேல் நிமிர்த்தி, விறகின் தலையில் தட்டினால் ஓங்குவதற்கு எதுவுமே இல்லை. நகரும் பொருளில் கூர் இல்லை, கூர் உள்ள பொருள் நகர்வதில்லை. இதே யோசனை நியூசிலாந்தில் அய்லா ஹட்சின்சன் என்ற சிறுமிக்கும் வந்திருக்கிறது. விறகு கொத்தும்போது தாயின் விரலில் வெட்டுப்பட்டதைப் பார்த்து, பள்ளி அறிவியல் கண்காட்சிக்காக அவள் செய்த கருவி, வளையத்துக்குள் நிமிர்ந்து நிற்கும் ஒரு வார்ப்பிரும்பு ஆப்பு. இன்று அது பல நாடுகளில் விற்கிறது. இறக்குமதி செய்து வாங்கினால் கப்பல் கூலிக்கே ஒரு சிலிண்டர் வாங்கிவிடலாம் என்ற நிலை. அப்புறம் என்ன, பழைய வாகன உதிரிப்பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தை பக்கத்தில்தானே இருக்கிறது.

பழைய வாகன உதிரிப்பாகக் கடையில் லொறி ஸ்பிரிங் பட்டையின் உடைந்த துண்டொன்று நிறுத்துக் கிடைத்தது. அதை எடுத்துக்கொண்டு நானும் மருமகனும் ஒரு வெல்டிங் பட்டறைக்குப் போனோம். அடித்தகட்டில் பட்டையை நிமிர்த்தி வெல்ட் வைத்துத் தரும்படி கேட்டோம். பாஸ் (பட்டறை மேஸ்திரி) பட்டையைக் கையில் எடுத்து, விரலால் சுண்டி, சத்தம் கேட்டுப் பார்த்தார். "இது ஸ்பிரிங் உருக்கு. வெல்ட் நல்லாத்தான் பிடிக்கும். நாலு நாள் சம்மட்டி அடிச்சா வெல்டுக்குப் பக்கத்துல வெடிக்கும்" என்றார். கரிமம் கூடிய உருக்கு வெல்ட் சூட்டுக்குப் பிறகு சட்டென்று ஆறினால் நொறுங்கும் தன்மைக்குப் போய்விடும் என்பதை அவர் அப்படிச் சொன்னார். அவர் செய்தது வேறு. இரண்டு துண்டு எங்கிள் இரும்பை (L வடிவ இரும்பு) அடித்தகட்டில் வெல்ட் வைத்து, அவற்றின் நடுவில் பட்டையைச் செருகி, குறுக்கே இரண்டு போல்ட் போட்டு இறுக்கினார். பட்டையின் மேல் விளிம்பைக் கிரைண்டரில் இரண்டு பக்கமும் சரித்துத் தீட்டினார், நிறம் மாறிவிடாமல் அடிக்கடி தண்ணீரில் தோய்த்துக்கொண்டே. சவரக்கத்திக் கூர் தேவையில்லை, விரலால் தொட்டால் வெட்டாத ஆனால் விறகைக் கவ்விப் பிடிக்கும் கூர் போதும். கடைசியாகக் கொங்கிறீட் கம்பியை வளைத்து வளையமாக்கிக் கூருக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் நான்கு காலில் நிறுத்தினார். விறகு அந்த வளையத்தில் சாய்ந்து நிற்கும், கை வளையத்துக்கு வெளியே இருக்கும்.

பட்டை, இரும்பு, கூலி எல்லாம் சேர்த்து ஒரு சிலிண்டர் விலையைத் தாண்டவில்லை. ஆப்பும் சம்மட்டியும் தனி.

இப்போது மாமி ஒரு சின்னப் பலகையில் குந்தி, கால்வாசி விறகொன்றை வளையத்துக்குள் நிறுத்தி, மூன்று இறாத்தல் சுத்தியலால் தட்டுகிறார். முழங்கை மட்டும் மடங்கி நிமிர்கிறது, தோள் அசையவே இல்லை. முதல் தட்டில் கூர் பற்றும், அடுத்த தட்டுகளில் பிளவு கீழிருந்து மேலே ஓடும், சிராய்கள் வளையத்துக்கு வெளியே விழும். விறகு முழுக்கப் பிளக்கும் முன் சுத்தியல் கூரில் போய் அடித்துவிடுமே என்று கேட்டேன். அதற்கும் வழி வைத்திருந்தார். கடைசி இரண்டு அங்குலம் மிஞ்சும்போது அடுத்த விறகை அதன் தலைமேல் வைத்து அந்த விறகைத் தட்டுகிறார். கீழது பிளந்து விழ, மேலது தானாகவே கூரில் ஏறி உட்கார்ந்துவிடுகிறது. இரும்பும் இரும்பும் சந்திப்பதே இல்லை. பட்டறையில் யாரும் இதைச் சொல்லித்தரவில்லை.

கணு உள்ள துண்டுகளைக் கணு இல்லாத முனை கூரில் படும்படி வைக்க வேண்டும். பிளவு கணுவை எட்டுவதற்குள் வேகம் பிடித்திருக்கும். கை அகலத்துக்கு மேல் தடித்த துண்டு இதில் வேண்டாம், அது ஆப்பின் வேலை.

டயர், தண்ணீர், பரிசோதகர்

குற்றியை ஆப்பால் பிளக்கும்போது துண்டுகள் நாலாபக்கமும் சாயாமலிருக்கப் பழைய டயரொன்றைக் கொத்துக்கட்டையின்மேல் படுக்கவைத்து, அதற்குள் குற்றியை நிறுத்துவது உலகெங்கும் தெரிந்த தந்திரம். குனிந்து குனிந்து பொறுக்கும் வேலை மிச்சம், ஆப்பு கழன்று காலில் விழாது. ஓட்டோ டயர் சிறிய குற்றிக்குச் சரியாக வரும். டயர் இல்லாவிட்டால் சைக்கிள் டியூபால் குற்றியைச் சுற்றிக் கட்டினாலும் சரிதான்.

ஆனால் இது கொழும்பு. வளவில் கிடக்கும் டயரில் மழைத்தண்ணீர் தேங்கினால் டெங்கு நுளம்புக்கு அது தொட்டில். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து எட்டிப் பார்த்தால் விறகு மிச்சத்தில் வழக்குச் செலவு கட்ட நேரிடும். டயரின் இரண்டு பக்கச் சுவரிலும் சுற்றிவரப் பெரிய துளைகள் போட்டு, வேலை முடிந்ததும் சமையலறைச் சுவரில் ஆணியில் மாட்டிவிடுகிறார்கள். விறகடுக்கை மூடும் தறப்பாளின் மடிப்புகளிலும் இதே ஆபத்து. ஆகவே தறப்பாளை எடுத்துவிட்டு, மேலே மட்டும் இரண்டு தகரத்தைச் சரிவாகப் போட்டிருக்கிறார்கள். பக்கங்கள் திறந்தே இருக்கின்றன. காற்றோட்டம்தான் காயவைக்கும், வெயில் அடுத்தபடி. அடியில் இரண்டு வரிசைச் செங்கல், கறையானும் எலியும் நேரே ஏறிவராமல்.

புறக்கோட்டையில் சும்மா கிடைக்கும், சரக்கு அடுக்கி வரும் பலகைத் தட்டுகள் (பலெட்) மீது மருமகனுக்கு ஒரு கண் இருந்தது. மெல்லிய பலகை, பிளக்கவும் தேவையில்லை. அவற்றில் குத்தியிருக்கும் முத்திரையைப் பார்க்க வேண்டும். எச்டி (HT) என்றிருந்தால் வெப்பத்தால் பதப்படுத்தியது. எம்பி (MB) என்றிருந்தால் மெதைல் புரோமைட் நச்சுவாயு ஊட்டியது. இரண்டாவதும், பெயின்ட் பூசியதும், எண்ணெய் ஊறியதும் சோற்றுப் பானைக்குக் கீழே வரவே கூடாது. நல்லதிலும் ஆணிகளைக் கழற்றாமல் மாமியின் கூரில் வைத்தால் அன்றே கூர் போய்விடும்.

சத்தம் இன்னொரு பிரச்சினையாக வந்தது. கட்டை நேரே சீமெந்துத் தரையில் இருந்தபோது ஒவ்வொரு தட்டும் பக்கத்து வீட்டுப் படுக்கையறையில் கேட்டது. சாக்கில் மணல் நிரப்பி அதன்மேல் கட்டையை வைத்ததும் அடங்கியது. காலை ஏழு மணிக்கு முன்பு தட்டுவதில்லை என்று மகள் அயலவர்களுக்குச் சொல்லியும் வைத்தார். தொடர்மாடி வீடுகளில் இருப்பவர்கள் பல்கனியில் இதைச் செய்யலாமா என்று கேட்டால், வேண்டாம் என்பேன். கீழ்வீட்டுக்காரர்களும் மனிதர்கள்தானே.

வாங்காமல் விட்டவை

மின்சாரத்தில் ஓடும் ஹைட்ரோலிக் பிளப்பான் வீட்டு 230 வோல்ட்டிலேயே இயங்கும், கவையையும் நசுக்கித் தள்ளும். ஒழுங்கையில் பத்து வீடு சேர்ந்து வாங்கினால் யோசிக்கலாம். சோறு மட்டும் விறகில் சமைக்கும் ஒரு வீட்டுக்கு அது யானையைக் கட்டித் தீனி போடுவது. வாகனம் தூக்கும் போத்தல் ஜக்கைச் சட்டத்தில் பூட்டிப் பிளப்பது மெதுவானது, ஆனால் சத்தமில்லாதது. மருமகன் அதை இன்னும் மனதில் வைத்திருக்கிறார், தெரிந்த கராஜில் ஜக் ஒன்று இரவல் கேட்டிருக்கிறார். குப்புறவோ படுக்கையாகவோ பூட்டுவதற்கு முன் அந்த ஜக் எந்த நிலையில் வேலை செய்யும் என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பலவற்றில் பம்ப் பக்கம் கீழே இருந்தால்தான் படுக்கையில் எண்ணெய் ஏறும்.

திருகு வடிவக் கூம்பை ட்ரில்லிலோ மோட்டரிலோ பூட்டி விறகைக் குத்திப் பிளப்பதாக விற்கிறார்களே, அதைத் தொடவே வேண்டாம். திருகு மரத்தில் சிக்கினால் மரம் முழுக்கச் சுற்றும், பிடித்திருக்கும் கையையும் சேர்த்து. சாரமும் சேலை முந்தானையும் புழங்கும் வளவில் அதைக் கொண்டுவந்து வைப்பவரை என்ன சொல்வது?

விறகுகாலையோடான கொடுக்கல்வாங்கலும் மாறிவிட்டது. முன்பு கொத்திக் கட்டிய கட்டுகளாக வாங்கினார்கள். இப்போது கொத்தாத றப்பர்க் குற்றிகளை, ஓர் அடியாக அறுத்து மட்டும் வாங்குகிறார்கள். கொத்துகூலி விலையில் கழிகிறது. றப்பர் நேரான நாருள்ள மரம், ஆப்பு வைத்தால் மறுபேச்சில்லாமல் விடும்.

ஒழுங்கையில் வேறு இரண்டு வீட்டுக்காரர்கள் அதே பாஸிடம் போவதாக இருக்கிறார்கள். அவர்களுக்குச் சொன்ன அளவுகள் இவை. அடித்தகடு பத்து மில்லிமீற்றர் தடிப்பு, ஓர் அடிச் சதுரம், மூலைகளில் நான்கு துளை, கீழே உள்ள மரக்கட்டையில் திருகிப் பூட்ட. பட்டை ஒரு சாண் நீளம், எங்கிள் இரும்புக்கு மேலே நான்கு அங்குலம் தெரியும்படி. வளையம் ஏழு அங்குல விட்டம். எங்கிள் இரும்பின் மேல் விளிம்பைச் சரிவாகச் சீவிவிட வேண்டும், இல்லாவிட்டால் பிளந்து இறங்கும் விறகு அதில் முட்டி நிற்கும். கட்டையின் உயரம் வேலை செய்பவரைப் பொறுத்தது. மாமி குந்திக்கொண்டு தட்டுவதால் கூர் தாழ்வாக இருக்க வேண்டும். மூலை வீட்டு அக்காவுக்கு முழங்கால் மடங்காது, அவர் நின்றுகொண்டுதான் செய்வார். அவருக்குக் கூர் தொடை நடுவளவில் வந்தால் போதும். அதற்கு மேலே போனால் சுத்தியலைத் தூக்கத் தோளையும் உயர்த்த வேண்டிவரும்.